வீட்டு மூலையில் இருக்கும் பிள்ளைக்கு வழி என்ன?

தோட்டத்திலே கணக்கில் வராத பொருள் ஒன்றும் இல்லை. மரத்துக்குக் கணக்கு உண்டு. நிரைக்குக் கணக்கு உண்டு. வெட்டி வந்த பாலை நிறுத்து, அதிலே உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று பார்த்துப் புத்தகத்தில் ஏற்றுகிறார்கள். கோப்பையிலே உறைந்த கட்டியும் ஒட்டுப்பாலும்கூட நிறுவைக்குத் தப்புவதில்லை. விடியற்காலைப் பிரட்டுக்கு வராதவர் பெயருக்கு நேரே செக்ரோலில் குறி விழுகிறது. இத்தனை கணக்கு எடுக்கும் இடத்திலே ஒரு கணக்கை மட்டும் துரைமாரும் எடுக்கவில்லை, கிராணிமாரும் எடுக்கவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்: சங்கத்தாராகிய நாமும் எடுக்கவில்லை. காது கேளாமலோ, கண் தெரியாமலோ, நடக்க முடியாமலோ, பேச்சு வராமலோ, படிப்பு ஏறாமலோ நம் லயங்களிலே வீட்டோடு கிடக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதே அந்தக் கணக்கு.

மூன்று மாதங்களுக்கு முன் பேராக் மாநிலத்திலே ஒரு தோட்டத்துக்குக் கிளைக் கூட்டத்துக்காகப் போயிருந்தோம். தோட்டத்தின் பெயரைச் சொல்வதற்கில்லை, சொல்லவும் தேவையில்லை. இதைப் படிக்கிற ஒவ்வொருவரும் அது நம் தோட்டம்தான் என்று நினைத்துக்கொள்ளலாம். கூட்டத்துக்கு நேரம் இருந்ததால் லயத்துப் பக்கம் நடந்தோம். ஒரு வீட்டு வாசலில் ஒன்பது வயதுப் பெண் குழந்தை உட்கார்ந்திருந்தது. தலை வாரி, பூ வைத்து, சுத்தமான கவுன் போட்டிருந்தது. அதன் இடுப்பைச் சுற்றிய பழைய சேலைத் துண்டின் மறு முனை ஜன்னல் கம்பியிலே முடிந்திருந்தது.

பால் நிறுத்துவிட்டு ஒரு மணிக்கு வீடு திரும்பிய தாய், எம்மைக் கண்டதும் முதலில் அந்த முடிச்சைத்தான் அவிழ்த்தார். "கட்டாமப் போனா வாய்க்கால் பக்கம் ஓடிடுதுங்க ஐயா. பாட்டி இருந்தவரைக்கும் பார்த்துக்கிட்டாங்க. இப்ப யாரும் இல்ல. நான் வேலைக்குப் போகாட்டி மத்த ரெண்டு பிள்ளைங்களுக்குச் சோறு ஏது?" என்றார். அழவில்லை. அழுது முடித்துப் பல வருஷம் ஆகிவிட்டது போலும்.

டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டோம். இரண்டு வயதிலே காட்டியதாகவும், "போகப் போகச் சரியாகும்" என்று யாரோ சொல்லி அனுப்பியதாகவும் சொன்னார். பள்ளிக்கு அழைத்துப் போனீர்களா என்று கேட்டோம். ஏழு வயது ஆனதும் அழைத்துப் போனாராம். "இந்த மாதிரிப் பிள்ளைக்கு இங்கே வகுப்பு இல்லையம்மா" என்றார்களாம். வேறு எங்கே இருக்கிறது என்று அவர்கள் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று இவருக்கும் தெரியவில்லை. சமூக நல இலாகாவில் பதிவு செய்தீர்களா என்று கேட்டோம். அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்றார். அந்த இலாகாவின் மாவட்ட அலுவலகம் அவர் சாமான் வாங்கப் போகிற பட்டணத்திலேதான் இருக்கிறது. எத்தனையோ தடவை அதன் வாசலைக் கடந்து போயிருக்கிறார்.

தோழர்களே, இந்தத் தாய் கெட்டது வழி இல்லாமையால் அல்ல. வழி சொல்வார் இல்லாமையால். நாம் இன்று எழுத வந்தது அதைப் பற்றித்தான்.

யார் செய்த பாவம்?

முதலில் ஒரு பேச்சை ஒழிக்க வேண்டும். இப்படிப்பட்ட பிள்ளை பிறந்தால், தாய் செய்த பாவம், கிரகணத்தன்று வெளியே போனதன் பலன், யாரோ வைத்த செய்வினை என்று லயமே பேசுகிறது. அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் பெற்றவர்கள் பிள்ளையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். மற்றப் பெண்ணுக்கு மாப்பிள்ளை வராதே என்று கலங்குகிறார்கள்.

இவற்றுக்குக் காரணங்கள் பல. பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளைக்குக் காற்றுப் போதாமல் போவது ஒன்று. பிறந்த சில நாளில் மஞ்சள் காமாலை மிக முற்றி, மூளையையும் காதையும் கெடுப்பது ஒன்று. மூளைக் காய்ச்சல் ஒன்று. கர்ப்பத்திலே தாய்க்கு வருகிற ருபெல்லா அம்மை ஒன்று. கருவிலேயே அமைந்துவிடுகிற டவுன் சிண்ட்ரோம் போன்றவை வேறு. ஆட்டிசம் என்பது பெற்றவள் கொஞ்சாததால் வருவது என்று மேல்நாட்டு டாக்டர்களே ஒரு காலத்தில் எழுதினார்கள். அது தவறு என்று பின்னால் அவர்களே கைவிட்டார்கள். பல பிள்ளைகளுக்கு இன்ன காரணம் என்று டாக்டராலும் சொல்ல முடிவதில்லை. காரணம் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றுதான் பொருள். தாய் மேல் குற்றம் என்று பொருள் அல்ல.

சாமிக்கு நேர்ந்துகொள்வதைத் தடுக்க நாம் யார்? தாராளமாக நேர்ந்துகொள்ளுங்கள். ஆனால் கும்பிட்ட கையோடு கிளினிக்குக்கும் போங்கள். மந்திரிப்புக்கும் தாயத்துக்கும் செலவிட்ட காசு போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். பிள்ளையின் முதல் ஐந்து ஆறு வருஷம் போனால் திரும்பி வராது. காது கேளாத பிள்ளைக்குச் சிறு வயதிலேயே கருவியோ சைகை மொழியோ கிடைத்தால் அதன் அறிவு வளர்கிறது. பத்து வயதிலே கிடைத்தால், அதுவரை அடைபட்டுப் போனதை மீட்பது மிகவும் கடினம்.

சட்டம் எங்கே வந்து நிற்கிறது?

நம் பாட்டன் காலத்தில், 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்திலே பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று சொல்லிற்று. நம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பல அந்தப் பத்துப் பேர் கணக்கிலே முளைத்தவைதான். ஆனால் அந்தப் பத்திலே, வாசலில் கட்டிப்போட்ட பிள்ளையை யாரும் சேர்த்து எண்ணவில்லை.

அந்நாளிலும் சில கதவுகள் திறந்தன. கண் தெரியாதவர்களுக்காக 1926-இல் மலாக்காவிலே தொடங்கிப் பின்பு பினாங்குக்குப் போன செயின்ட் நிக்கலஸ் இல்லம், 1948-இல் ஜொகூர் பாருவிலே தொடங்கிய பள்ளி, காது கேளாதவர்களுக்காக 1954-இல் பினாங்கு தஞ்சோங் பூங்காவிலே திறந்த பள்ளி ஆகியவை இன்றளவும் பேர் சொல்லத் தக்கவை. 1966-இல் பேராக், ஊத்தான் மெலிந்தாங் பக்கத்திலே சிம்பாங் அம்பாட்டில் தொடங்கிய பெத்தானி இல்லம் தோட்டப்புறத்துக்கு நடுவிலேயே அமைந்தது. ஆனால் கண்ணும் காதும் சரியாக இருந்து, கற்பதிலே மட்டும் பின்தங்கிய பிள்ளைக்கு அரசாங்கப் பள்ளியிலே வகுப்பு தொடங்கியது 1988-ஆம் ஆண்டு அளவில்தான். 1997-இல் வந்த சிறப்புக் கல்வி விதிகளும், தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளக் கூடிய பிள்ளைதான் பள்ளிக்குத் தகுந்தது என்று வரம்பு கட்டின. பிறர் உதவி தேவைப்பட்ட பிள்ளை வெளியே நின்றது.

அந்த வரம்பு பிறகு தளர்ந்தது. 2008-இல் உடற்பேறு குறைந்தோர் சட்டம், அதாவது 685-ஆம் எண் சட்டம், நிறைவேறிற்று. உடற்குறையைக் காரணம் காட்டி எவரையும் பொதுக் கல்வியிலிருந்து விலக்கக் கூடாது என்று அதன் 28-ஆம் பிரிவு கூறுகிறது. 2010-இல் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை மலேசியா ஏற்றது. 2013-இல் சிறப்புக் கல்விக்குப் புதிய விதிகள் வந்தன. 2019-இல் கல்வி அமைச்சு, எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்னும் கொள்கையை நடைமுறைக்குக் கொண்டு வந்தது.

ஆகவே, "இந்த மாதிரிப் பிள்ளைக்கு இங்கே வகுப்பு இல்லையம்மா" என்ற சொல்லோடு எந்தத் தாயும் இனி வீடு திரும்ப வேண்டியதில்லை. இங்கே இல்லையென்றால் எங்கே இருக்கிறது என்று எழுதிக் கொடுங்கள் என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறோம். 2008-ஆம் ஆண்டுச் சட்டம் நல்ல சொற்களால் ஆனது. ஆனால் மீறியவருக்குத் தண்டனை என்ன என்று அது விதிக்கவில்லை. தண்டனை இல்லாத சட்டம் பால் கத்தி இல்லாமல் மரத்தடிக்குப் போவது போலத்தான். அதனால்தான் கேட்பதற்கு ஆள் வேண்டும் என்கிறோம். தனியொரு தாய் கேட்டால் பதில் வராது. சங்கக் கடிதத் தாளிலே கேட்டால் வரும்.

நான்கு கதவுகள்

எங்கே போவது, எதைக் கேட்பது? இதைக் கத்தரித்து வீட்டிலே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கதவு, அரசாங்கச் சுகாதார கிளினிக். பிள்ளை பிறந்ததும் கொடுக்கிற சுகாதாரப் புத்தகம் தடுப்பூசிக்கு மட்டும் உரியது அல்ல. பிள்ளையின் வளர்ச்சியைச் சோதிக்கும் கேள்விகளும் அதிலே உண்டு. 18 மாதத்திலே ஆட்டிசத்துக்கான கேள்வித்தாள் ஒன்றும் உண்டு. ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத பிள்ளை, ஒன்றரை வயதாகியும் நடக்காத பிள்ளை, அந்த வயதிலும் ஒரு சொல்கூடப் பேசாத பிள்ளை, பேசிய சொல்லை மறந்துவிட்ட பிள்ளை, இவர்களை உடனே காட்ட வேண்டும். "எங்க அண்ணன் மகனும் நாலு வயசிலதான் பேசினான்" என்று காத்திருக்க வேண்டாம். காட்டியதிலே நஷ்டம் இல்லை. தேவையென்றால் கிளினிக்கிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தருவார்கள்.

அங்கே ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள்: "வீட்டிலே நாங்கள் தமிழ்தான் பேசுகிறோம்." மலாயிலோ ஆங்கிலத்திலோ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாத பிள்ளை, கேள்வி புரியாமல் இருந்ததா, அறிவு எட்டாமல் இருந்ததா என்பது சோதிப்பவருக்குத் தெரிய வேண்டும். தமிழ் தெரிந்த தாதியையோ உதவியாளரையோ அழைக்கும்படி கேட்பது குற்றமல்ல.

இரண்டாம் கதவு, மாவட்டச் சமூக நல இலாகா. இங்கேதான் ஓ.கே.யு. அட்டைக்குப் பதிவு. காது, கண், பேச்சு, உடல், கற்றல், மனநலம், பல குறைகள் சேர்ந்தது என ஏழு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். டாக்டர் நிரப்பிக் கையெழுத்திட்ட பாரம், பிறப்புப் பத்திரம் அல்லது அடையாளக் கார்டின் நகல், படம், இவை முக்கியம். அட்டை இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரிச் சிகிச்சையிலும், ரயில் கட்டணத்திலும், கடவுச்சீட்டிலும் சலுகை உண்டு; இலாகாவின் உதவித் தொகைகளுக்கு விண்ணப்பிக்கவும் அதுவே சாவி. 2021-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலே, வேலை செய்யும் உடற்பேறு குறைந்தோருக்கான படி மாதம் 450 வெள்ளியாகவும், வேலை செய்ய இயலாதோருக்கு 300 வெள்ளியாகவும், படுத்த படுக்கையாக இருப்போரைப் பார்த்துக்கொள்வோருக்கு 500 வெள்ளியாகவும் உயர்த்தப்பட்டன. தொகையும் வருமான வரம்பும் அவ்வப்போது மாறும். விண்ணப்பிக்கும் அன்று முகப்பிலே கேட்டுக்கொள்ளுங்கள். அலுவலகம் தூரமானால் 15999 என்ற தாலியான் காசே தொலைபேசி எண்ணிலே விசாரிக்கலாம்.

அட்டை எடுத்தால் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அட்டை உங்கள் பையிலேதான் இருக்கும். யாரும் சுவரிலே ஒட்ட மாட்டார்கள். பதிவு செய்வது கட்டாயமும் அல்ல. ஆனால் பதிவு செய்யாத பிள்ளையைச் சர்க்கார் புத்தகம் அறியாது. அறியாத பிள்ளைக்கு எந்தத் தொகையும் ஒதுக்கப்படாது.

மூன்றாம் கதவு, மாவட்டக் கல்வி இலாகா. பள்ளிகள் மூன்று வகை. தனிச் சிறப்புப் பள்ளி ஒன்று. சாதாரணப் பள்ளிக்குள்ளேயே சிறப்பு வகுப்பு ஒன்று. சாதாரண வகுப்பிலே மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து படிப்பது ஒன்று. எந்தப் பள்ளியிலே சிறப்பு வகுப்பு இருக்கிறது, இடம் இருக்கிறதா என்பதை இந்த அலுவலகத்திலேதான் கேட்க வேண்டும். சேர்ந்த பிறகு மூன்று மாதத்துக்கு மேற்படாமல் பிள்ளையை வைத்துப் பார்த்து எந்த வகுப்பு பொருந்தும் என்று முடிவு செய்வார்கள். அந்த மூன்று மாதத்திலே பிள்ளை அழுதால், ஆசிரியையைக் கடித்தால், மனம் உடைந்து நிறுத்திவிடாதீர்கள். ஒன்பது வருஷம் வாசற்படியைத் தவிர வேறெதையும் பார்க்காத பிள்ளை முதல் வாரத்திலேயே அடங்கி உட்காருமா? பதிவு பெற்ற சிறப்புக் கல்வி மாணவருக்கு மாதம் 150 வெள்ளி படியும் உண்டு.

நான்காம் கதவு, பி.டி.கே. என்று சொல்லப்படும் சமூக மறுவாழ்வு நிலையம். 1984-இல் திரங்கானு, பத்து ராக்கிட்டிலே சோதனையாகத் தொடங்கிய இத்திட்டம் இன்று நாடு முழுவதும் பரவியிருக்கிறது. பள்ளி வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கும், பள்ளி வயதைக் கடந்துவிட்டவருக்கும் இங்கே இடம் உண்டு. தானே சாப்பிட, உடுத்த, கழிவறைக்குப் போக, சிறு கைத்தொழில் செய்யப் பழக்குகிறார்கள். நிலையத்துக்கு வர முடியாதவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் முறையும் இத்திட்டத்திலே உண்டு. லயத்துக்கு வரச் சொல்லிக் கேளுங்கள். பயிற்சிக்கு வருவோருக்கு இங்கும் மாதம் 150 வெள்ளி படி உண்டு.

ஏன் போகவில்லை?

இவ்வளவு இருந்தும் ஏன் போகவில்லை என்று பட்டணத்திலே இருப்பவர்கள் கேட்கிறார்கள். நாம் கணக்கிலேயே பதில் சொல்வோம். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாயிற்று. மாதம் 26 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால், ஒரு நாள் போனால் ஏறத்தாழ 65 வெள்ளி போயிற்று. கிளினிக்குக்கு ஒரு நாள், ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள், நல இலாகாவுக்கு ஒரு நாள், கல்வி இலாகாவுக்கு ஒரு நாள். நான்கு நாளில் 260 வெள்ளி. பஸ் வராத தோட்டத்திலிருந்து வாடகைக் காருக்குக் கொடுப்பது வேறு. ஒரு தாள் குறைந்தால் ஐந்தாம் நாள். உதவித் தொகை என்று ஒரு காசு கையிலே விழுவதற்கு முன்னே இவ்வளவு செலவு. நாள் கூலிக்காரியான தாய் முதற் படியிலேயே நின்றுவிடுகிறாள் என்றால் அது அறியாமை மட்டும் அல்ல, கூலிப் பிரச்சினை.

"சங்கத்தின் வேலை சம்பளத்தைப் பார்ப்பது, இது நல இலாகாவின் வேலை" என்று நம்மவரிலேயே சிலர் சொல்கிறார்கள். அவர்களுக்கும் இதுதான் பதில். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் தாய் வேலையை விட்டால், வீட்டு வருமானத்தில் பாதி போகிறது. வேலையை விடாமல் பிள்ளையைக் கட்டிப்போட்டுப் போனால், பாதி மனத்தோடு கத்தி பிடிக்கிறாள். இது சம்பளப் பிரச்சினை இல்லையென்றால் வேறு எது?

இன்னொரு பேச்சும் காதிலே விழுகிறது. தமிழ்ப்பள்ளியிலே இப்படிப்பட்ட வகுப்பு வைத்தால் பள்ளியின் பெயர் கெடும், மற்றப் பிள்ளைகள் வர மாட்டார்கள் என்கிறார்கள். சிறப்பு வகுப்பு உள்ள தமிழ்ப்பள்ளிகள் சிலவே. பெரும்பாலான நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பது மலாய்ப் பள்ளியிலே உள்ள வகுப்புத்தான். அங்கே அன்பான ஆசிரியர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பேச்சே தடுமாறும் பிள்ளை, தாய் பேசும் மொழியிலே பத்துச் சொல்லைப் பிடிப்பதற்கு முன் வேறு மொழியிலே தொடங்க வேண்டியிருக்கிறது. காலையிலே பள்ளியில் ஒரு சொல், மாலையிலே வீட்டில் வேறொரு சொல். அந்தப் பிள்ளையின் சுமையை யார் குறைப்பது? பிள்ளைகள் குறைந்து வகுப்பறை காலியாகக் கிடக்கும் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் எத்தனை! அவற்றிலே ஒரு மாவட்டத்துக்கு ஒன்றிலாவது சிறப்பு வகுப்புத் திறந்தால் பள்ளியின் பெயர் கெடாது; வாழும்.

சங்கம் செய்ய வேண்டியது

ஆகவே நாம் கேட்பது இவை.

முதலாவது, ஒவ்வொரு கிளையும் ஒரு பட்டியல் எடுக்க வேண்டும். வீடு வீடாகப் போய், பெற்றவர் விருப்பத்தோடு, பிள்ளையின் வயது என்ன, பிறப்புப் பத்திரம் இருக்கிறதா, அட்டை இருக்கிறதா, பள்ளி உண்டா என்று எழுத வேண்டும். இதற்கு ஆயாக் கொட்டகை ஆயாவைவிடச் சிறந்த துணை இல்லை. எந்தப் பிள்ளை கூப்பிட்டால் திரும்பவில்லை என்பது டாக்டருக்கு முன்னே அவருக்குத் தெரியும். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்கு முதலில் பதிவு இலாகா வேலையைத் தொடங்க வேண்டும். அது இல்லாமல் மற்றக் கதவுகள் திறக்கா.

இரண்டாவது, கிராணிமார்களே, இது உங்களுக்கு. பாரம் நிரப்புவது உங்களுக்குக் கை வந்த வேலை. பால் வெட்டுகிற தோழருக்கு அது மலை. மாதத்திலே ஒரு மாலை, ஆபீசிலோ சங்க அறையிலோ உட்கார்ந்து இந்தப் பாரங்களை நிரப்பிக் கொடுங்கள். எந்தத் தாளுக்கு எந்த நகல் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வைத்தால், ஐந்தாம் நாள் பயணம் மிச்சம். ஒரு தாய்க்கு 65 வெள்ளி மிச்சம்.

மூன்றாவது, அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சிலே, உடற்பேறு குறைந்த பிள்ளையைச் சோதனைக்கும் சிகிச்சைக்கும் அழைத்துப் போக ஆண்டுக்குச் சில நாள் சம்பளத்தோடு லீவு என்ற கோரிக்கையை வைக்க வேண்டும். இப்படிப்பட்ட பிள்ளை உள்ள குடும்பங்கள் ஒரு தோட்டத்திலே விரல் விட்டு எண்ணக் கூடியவை. முதலாளிக்கு அது பெருஞ்செலவு அல்ல; அந்தக் குடும்பங்களுக்கு அது பெரும் உதவி.

நான்காவது, தோட்டத்து வேனோ லாரியோ பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் இடங்களிலே, இந்தப் பிள்ளைக்கும் ஓர் இடம் கேட்க வேண்டும். இடம் கிடைத்தும் வண்டி இல்லாமல் நின்றுபோன பிள்ளைகள் உண்டு.

ஐந்தாவது, நான்கைந்து கிளைகளின் பட்டியலை ஒன்றாகச் சேர்த்துக் கல்வி இலாகாவின் முன் வைக்க வேண்டும். "தோட்டப்புறத்திலே போதிய பிள்ளைகள் இல்லை" என்பதுதான் வழக்கமான பதில். பிள்ளைகள் இருக்கிறார்கள், எண்ணப்படவில்லை. 1923-லே பத்துப் பேரை எண்ணிக் காட்டித்தான் பள்ளி வாங்கினோம். இன்றும் எண்ணிக் காட்டித்தான் வகுப்பு வாங்க வேண்டும்.

ஆறாவது, தோட்டம் விற்கப்பட்டுக் குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிக்குப் பெயர்கிறபோது, இந்தப் பிள்ளையுள்ள வீட்டைத் தனியே கவனிக்க வேண்டும். புதிய விலாசத்தை நல இலாகாவிலும் பள்ளியிலும் மாற்றிக் கொடுக்காவிட்டால், கிடைத்துக்கொண்டிருந்த படியும் நிற்கும். லயத்திலே பக்கத்து வீட்டார் ஒரு கண் வைத்துக்கொண்டார்கள். நாலாம் மாடியிலே அதுவும் இல்லை.

அந்தப் பிள்ளை

நாம் பார்த்த பிள்ளை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அன்று மாலையே கிளைச் செயலாளரும் ஒரு சின்னக் கிராணியும் அந்த வீட்டுக்குப் போனார்கள். கிராணி பாரத்தை நிரப்பினார். அடுத்த வாரம் தாய் லீவு போட்டுப் பிள்ளையைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனார். அந்த ஒரு நாள் சம்பளத்தைக் கிளைத் தோழர்கள் தங்களுக்குள் வசூலித்துக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலே சோதித்தார்கள். இப்போது அட்டை வந்துவிட்டது. பள்ளியிலே இடம் இன்னும் வரவில்லை. பெயர் பதிவாகியிருக்கிறது, காத்திருக்கிறார்கள். பி.டி.கே. நிலையத்திலிருந்து ஓர் ஆசிரியை இரண்டு தடவை வீட்டுக்கு வந்து, கரண்டி பிடித்துச் சாப்பிடப் பழக்கிவிட்டுப் போயிருக்கிறார்.

சேலைத் துண்டு இன்னும் ஜன்னல் கம்பியிலேதான் இருக்கிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல நாம் விரும்பவில்லை. ஆனால் கிளைச் செயலாளர் எமக்கு எழுதிய கடிதத்திலே ஒரு வரி உண்டு. அந்தத் தாய் பக்கத்துத் தோட்டத்துக்கு நடந்து போய், அங்கே இதே போல ஒரு பையனை வைத்துக்கொண்டிருக்கும் தாயிடம், எந்த அலுவலகம், எந்த பாரம், எத்தனை படம் என்று சொல்லிவிட்டு வந்தாராம். மூன்று மாதத்துக்கு முன் வழி தெரியாதவர், இன்று வழி சொல்கிறார்.

கிளைச் செயலாளர்களே! அடுத்த மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சிக் குறிப்பிலே சந்தா, நிறுவைத் தகராறு, வீட்டுக் கூரை ரிப்பேர் ஆகியவற்றோடு இதையும் ஒரு விஷயமாக எழுதிக்கொள்ளுங்கள்: "நம் தோட்டத்திலே வீட்டோடு இருக்கும் பிள்ளைகள் யார் யார்?" தாய்மார்களே! கதவைத் திறந்து வையுங்கள். பெயர் எழுத வருகிறவர் உங்கள் தோழர். பெயர்களைச் சேர்த்து எமக்கு அனுப்புங்கள். மற்றக் கதவுகளை நாம் சேர்ந்து தட்டுவோம்.